ஊரளவில் ஒரு முற்போக்குக் குழுவைத் தொடர்ந்து நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்குள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து வேலை செய்பவர்கள் நாங்கள். சாதி மறுப்பு, பெண் சமத்துவம், பொதுச் சொத்தைக் காப்பது ஆகிய மூன்றும் எங்களுக்குப் பொது. கட்சி கிடையாது, தொண்டு நிறுவனமும் கிடையாது. இதுபோல் குழு தொடங்கியவர்களும், தொடங்கி ஓய்ந்துபோனவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து பதில் எழுதியிருக்கிறேன்.

எத்தனை பேர் இருந்தால் தொடங்கலாம்?

மாதம் தவறாமல் வரக்கூடியவர்கள் ஏழெட்டுப் பேர் போதும். ஆர்ப்பாட்டம் என்றால் நூறு பேர் வந்துவிடுவார்கள். ஆனால் எட்டு மாதம் கழித்து, பதில் வராத மனுவுக்கு மேல்முறையீடு எழுதிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போக இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்று சொல்ல முடிந்தால் உங்களிடம் குழு இருக்கிறது.

பிரச்சினை வந்தால் ஆள் சேர்கிறது, முடிந்ததும் கலைந்துவிடுகிறது. இதை எப்படித் தடுப்பது?

கலைவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வயலும் வேலையும் பிள்ளைகளும் இருப்பவர்கள் வீட்டுக்குத் திரும்பத்தான் வேண்டும். அவர்கள் மறுபடி வரும்போது வந்து சேர ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் கண்முன்னே நடந்ததையே சொல்கிறேன். மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, சுமார் 2,015 ஹெக்டேர், ஏலம் போன செய்தி 2024 நவம்பர் 7 அன்று வந்தது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அதற்குள் அடங்கியிருந்தது. நவம்பர் 23 கிராம சபைகளில் ஊர் ஊராக எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கித் திரண்டார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இரண்டரை மாதத்தில் கிடைத்த வெற்றி என்று பலரும் எழுதினார்கள். அந்த இரண்டரை மாதத்துக்கு முன்னால் இருந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். கிரானைட் குவாரியை எதிர்த்து ஏற்கெனவே நின்ற ஊர் அரிட்டாபட்டி. அந்த மலைகளின் பறவைகளுக்குக் கணக்கு எடுத்தவர்கள் இருந்தார்கள். குகைத்தளத்துத் தமிழிக் கல்வெட்டைப் பற்றியும், கண்மாய்களையும் சுனைகளையும் பற்றியும் சலிக்காமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். கேமராக்கள் வராத காலத்தில் அவர்கள் சேர்த்துவைத்த விவரங்கள்தான் பிறகு எல்லோருடைய கையிலும் ஆதாரமாக இருந்தன. ஒரு சிறு குழுவின் உண்மையான வேலை அந்த வகை வேலைதான்.

பிரச்சினை எதுவும் இல்லாத மாதங்களில் என்ன செய்வது?

கிராம சபை நாட்களை வைத்துக்கொண்டு ஆண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்கள். நான்காக இருந்தவற்றோடு உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் 2022இல் சேர்க்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் முன்பே கூடி, எந்தத் தெருவில் என்ன குறை, போன சபையில் போட்ட தீர்மானம் என்ன ஆனது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று தீர்மானங்களுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். முப்பது கோரிக்கையைப் படித்தால் முப்பதும் காற்றில் போகும்.

சபை நடக்கும் அன்று கவனிக்க வேண்டிய இடம் மேடையைவிடத் தீர்மானப் புத்தகம். பல ஊர்களில் வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படும். கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் அக்கா ஒருவர் ஊராட்சி செயலருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். "எழுதுங்க சார், நான் இருக்கேன்" என்பார். தீர்மானத்துக்கு எண் போட்டு, வாசகத்தை எழுதி, அதை உரக்கப் படித்துக் காட்டி, கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் இடம் விடாமல் கோடு இழுக்கும்வரை அவர் எழுந்திருக்கமாட்டார். பிறகு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்வார். மொத்தம் அரைமணி நேர வேலை. எங்கள் குழு இதுவரை செய்ததில் அதிகப் பலன் தந்த வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

குறைவெண் வரம்பையும், அதாவது சபைக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதையும், தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வரவு செலவைக் காட்டும் படிவம் 30ஐ வைக்கச் சொல்லிக் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் கேட்டாலே போதும், மூன்றாவது முறை அவர்களே எடுத்து வைப்பார்கள்.

தகவல் உரிமை மனு யார் பெயரில் போடுவது? மிரட்டல் வருகிறதே?

ஒரே ஆள் பெயரில் எல்லா மனுவையும் போடாதீர்கள். ஊரில் அவர் மட்டும் தனியாகத் தெரிவார், மிரட்டலும் அவர் வீட்டு வாசலுக்கே வரும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நான்கு பேர் நான்கு மனுவாகப் போடுங்கள். மணல், குவாரி, டெண்டர் போன்ற விஷயங்களில் உள்ளூர்க்காரர் பெயரே வேண்டாம். வேறு ஒன்றியத்தில் இருக்கும் தோழர் அனுப்பட்டும். இந்தியக் குடிமகன் யாரும் எந்த ஊரின் அரசு அலுவலகத்திடமும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்தத் தேதிகளை யாராவது ஒருவர் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். மனுக்கள் பெரும்பாலும் மறுக்கப்படுவதால் சாவதில்லை, நாம் தேதியைத் தவறவிடுவதால் சாகின்றன.

கூட்டத்தை எங்கே, எப்போது நடத்துவது?

நிறையக் குழுக்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன, தோற்றது அவர்களுக்கே தெரிவதில்லை. கோயில் மண்டபத்தில் கூடினால் ஊரில் பாதிப் பேர் வரமாட்டார்கள், ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஊர்த் தெருவில் ஒருவர் வீட்டுத் திண்ணை என்றாலும் அதே கதைதான். பட்டியல் சாதிக் குடியிருப்பிலிருந்து வருகிற ஒரு பெண் யார் முகத்தையும் பார்த்துத் தயங்காமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார முடிகிற இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நூலகம், பள்ளி வளாகம், சுய உதவிக் குழுக் கட்டடம் ஆகியவை ஓரளவு சரிப்படும். எங்கள் வழக்கம், ஒரு மாதம் ஊரில், மறுமாதம் குடியிருப்பில். குடியிருப்பில் நடக்கிற மாதம் யார் யார் வராமல் போகிறார்கள் என்று ஓராண்டு கவனித்தால் உங்கள் குழுவைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்வீர்கள்.

நேரத்தை டவுன் பஸ்ஸைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பக்கத்து ஊர்ப் பெண்கள் கூட்டத்துக்கு வர முடிவதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் கடைசிப் பேருந்து ஏழரைக்கு என்றால் கூட்டம் ஏழுக்கு முடிந்தாக வேண்டும். முக்கியமான முடிவை எட்டு மணிக்கு எடுக்கிற குழுவில் பெண்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

தேநீரை யார் போடுகிறார், டம்ளரை யார் கழுவுகிறார் என்பதற்கும் முறை போடுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர் பெரும்பாலும் ஒருமுறையும் கழுவாதவர்.

சாதியைத் தொட்டால் குழு உடைந்துவிடாதா? குடிநீர், சாலை என்று பொதுப் பிரச்சினைகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் நல்லவர்கள், குழுவைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் கேட்கிறார்கள். ஆனாலும் என் பதில் மாறாது. தொட வேண்டும், உடைந்தாலும் தொட வேண்டும்.

எங்கள் மாவட்டத்தின் வரலாறு அப்படி. மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஒதுக்கீட்டை ஏற்க மறுத்து, பத்து ஆண்டுகள் தலைவர் பதவியை நிரப்பவிடாமல் செய்தார்கள். மிரட்டலை மீறி வேட்புமனு போட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். 2006இல்தான் அந்த ஊர்களில் தேர்தல் ஒழுங்காக நடந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டியில் முதலமைச்சர் கிராம சபையில் உட்கார்ந்தார். இவ்வளவும் நடந்த மண்ணில் உள்ளாட்சியைப் பற்றிப் பேசுகிற குழு சாதியைப் பற்றிப் பேசாமல் இருந்தால், அதன் மௌனம் யார் பக்கம் என்று குடியிருப்பில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, குடிநீர் எங்கே பொதுப் பிரச்சினையாக இருக்கிறது? மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு முதலில் வால்வு திறக்கப்படுகிறது, எந்தத் தெருவுக்கு வரும்போது தொட்டி காலியாகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். தெரு விளக்குக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் அதே கணக்கை எடுத்துப் பாருங்கள். பட்டியல் கையில் வந்த பிறகு, சாதி பேச வேண்டாம் என்று சொன்ன தோழர்களில் சிலர் தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள். சிலர் போய்விடுவார்கள். எங்களிடமிருந்தும் போனார்கள். அவர்களோடு சண்டை இல்லை, கல்யாணம் காட்சிகளில் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலையில் முதல் அடி எப்போதும் குடியிருப்பிலிருந்து வந்த உறுப்பினர் மேல்தான் விழும். அவர் தயாரா என்று அவரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். வழக்கறிஞர் ஒருவரின் எண் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

பெண் தலைவர் வந்தும் அவர் கணவர்தான் ஊராட்சியை நடத்துகிறார். குழுவால் என்ன செய்ய முடியும்?

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு என்று 2016இல் சட்டம் வந்தது. நாற்காலி அதனால் கிடைக்கிறது, அதிகாரம் தானாக வருவதில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் ஒருவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியாகி, நாடே பார்த்தது. நாற்காலியும்கூடக் கிடைக்காத இடங்கள் இருக்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதிகளைக் கடமை செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். இது அந்தத் தலைவருக்கே தெரிந்திருக்காது, போய்ச் சொல்லுங்கள்.

கணவர்களைப் பற்றி: அவரைத் திட்டி மேடையில் பேசுவதால் பயன் இல்லை, அடி வீட்டுக்குள் அந்தப் பெண்ணுக்குத்தான் விழும். எல்லா மனுவையும் தலைவரிடமே நேரில் கொடுங்கள். கணவர் கை நீட்டினால், "தலைவர் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்" என்று காத்திருங்கள். குழுவின் பெண்கள் அவரோடு ஒருமுறை ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் வரட்டும். அந்த அலுவலகத்தில் எந்த மேசையில் என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், கணவரை எதிர்பார்க்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

பணத்துக்கு என்ன வழி?

மாதச் சந்தா. ஐம்பது ரூபாயோ இருபது ரூபாயோ, கொடுக்க முடியாதவர் கொடுக்க வேண்டாம், ஆனால் கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ரசீது. செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ், தபால், பஸ் கட்டணம், தட்டி எழுதும் கூலி. ஊரில் சின்னக் கூட்டம் போட உண்டியல் வசூலே போதும். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டையில் எழுதி ஒட்டுங்கள். ஊராட்சியிடம் படிவம் 30 கேட்கிற நமக்குச் சொந்தக் கணக்கைக் காட்டும் கடமை இரண்டு மடங்கு.

ஒப்பந்தக்காரர்கள், குவாரிக்காரர்கள், தேர்தலில் நிற்கப் போகிறவர்கள் ஆகியோரிடம் ஒரு ரூபாயும் வேண்டாம், ஒலிபெருக்கி வாடகைக்குக்கூட வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் உதவ முன்வருவார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை, உறவினரே ஆனாலும் குழுவுக்காக வாங்காதீர்கள்.

பதிவு செய்ய வேண்டுமா?

வங்கிக் கணக்கு, கட்டடம், பெரிய தொகை என்று போனால் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் அறிக்கை தாக்கல் செய்யும் வேலையும் கூடவே வரும். உறுப்பினர் எண்ணிக்கையும் வரவும் கூடினால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். தொடக்கத்திலேயே தலைவர், செயலாளர், பொருளாளர் என்று லெட்டர்பேடு அச்சடிக்கப் போனால் முதல் சண்டை அந்த அச்சகத்திலேயே தொடங்கிவிடும்.

கட்சிக்காரர்கள் குழுவில் இருக்கலாமா?

இருக்கலாம், இருக்கிறார்கள். இடதுசாரி, திராவிட, அம்பேத்கரியத் தோழர்கள் இல்லாமல் தமிழ்நாட்டில் ஊரளவு முற்போக்கு வேலை நடப்பது அரிது. கட்சிக் கொடி, கட்சித் துண்டு கூட்டத்துக்குள் வர வேண்டாம் என்பது ஒரு கட்டுப்பாடு. கிளைச் செயலாளர் போன்ற பொறுப்பில் இருப்பவர் குழுவின் ஒருங்கிணைப்பாளராகவோ கணக்குப் பொறுப்பாளராகவோ இருக்க வேண்டாம் என்பது இன்னொன்று. ஆளுங்கட்சி மாறும்போது குழுவின் குரல் இறங்குகிறதா ஏறுகிறதா என்று ஊர் கவனித்துக்கொண்டே இருக்கும்.

ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறார். அவர் சோர்ந்தால் குழு முடிந்துவிடும் போலிருக்கிறது.

முடிந்துவிடும், பல இடங்களில் முடிந்திருக்கிறது. அந்த ஆளிடம் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கும்: கோப்புகள், தொடர்பு எண்கள், அலுவலகப் பழக்கம். கோப்புகளை ஒரு பொது இடத்தில் பீரோவில் வையுங்கள், சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒன்றிய அலுவலகத்துக்கோ திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கோ யாரும் தனியாகப் போகக் கூடாது, ஒவ்வொரு முறையும் இதுவரை போகாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தப் புதியவர்தான் பேச வேண்டும், பழையவர் பின்னால் நிற்கட்டும். தடுமாறுவார், அடுத்த முறை சரியாகிவிடும்.

ஒருங்கிணைப்பாளர் ஆண்டுக்கு ஒருமுறை மாறட்டும். மாறியவருக்கு மூன்று மாதம் முழு ஓய்வு கொடுங்கள். அறுவடை, வீட்டுத் திருமணம், பிள்ளையின் பொதுத்தேர்வு என்று ஒதுங்குபவரைப் பார்த்து "தோழருக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது" என்று பேசுவதை நிறுத்துங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் திரும்பி வராமலே போனவர்களை எனக்குத் தெரியும்.

வாட்ஸ்அப் குழு உதவுமா?

தேதியும் இடமும் அறிவிக்க உதவும். விவாதத்துக்கு உதவாது. கைப்பேசி வீட்டுக்காரரிடம் இருக்கும் பெண்களுக்கு நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும்.

உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் இழுத்துக்கொண்டு போனால் குழு என்ன செய்வது?

இது இங்கே புதிதல்ல. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, எங்கள் மாவட்டம் உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும், அந்த ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்களிடம், அதாவது தலைவருக்குப் பதிலாக அரசு நியமிக்கும் அதிகாரிகளிடம், போயின. தலைவர் இல்லையென்றால் கேட்க ஆள் இல்லை என்று பலரும் ஓய்ந்துவிடுகிறார்கள். உண்மையில் குழு மிகவும் தேவைப்படும் காலம் அதுதான். வார்டு உறுப்பினர் இல்லாதபோது எரியாத விளக்கைக் கணக்கெடுப்பவர் வேறு யார்? தனி அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்ப்பதால் எழுத்தில் கொடுத்ததை மட்டும்தான் நினைவில் வைப்பார். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். கிராம சபையில் தேர்தல் நடத்தக் கோரும் தீர்மானத்தையும் விடாமல் போடுங்கள்.

எங்கள் உறுப்பினரே தேர்தலில் நிற்கலாமா?

தாராளமாக நிற்கலாம். தமிழ்நாட்டில் ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் இல்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், தலைவருக்கு 600. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. முதலில் வார்டில் நிற்பதே என் பரிந்துரை. தெரு தெரியும், செலவு தாங்கும், தோற்றாலும் குழு சிதறாது. வாக்குக்குப் பணம் கொடுப்பதில்லை என்று முதல் நாளே வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள். கடைசி இரவு வரைக்கும் அந்த முடிவைக் காப்பாற்ற, வேட்பாளரின் உறவினர்களிடமும் முன்கூட்டியே பேசியாக வேண்டும். பணம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

ஜெயித்துவிட்டால் அன்றிலிருந்து அவர் குழுவின் பொறுப்புகளிலிருந்து விலகட்டும். அடுத்த கிராம சபையில் படிவம் 30ஐ அவரிடமும் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அதே அக்கா உட்காரட்டும்.